மாமனாரின் ஃபோனுக்கு நான் எழுதிய ஏழு வரிகள்

என் மாமியார் காலமாகி மூன்று மாதம் கழித்து, என் மனைவிக்கும் மாமனாருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கையெழுத்துப் போட்ட காகிதமெல்லாம் இல்லை. புனேயின் சாங்விப் பகுதியில் அவர் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அப்பாவும் மகளும் ஒரு மணி நேரம் கத்தியதன் முடிவு அது. நான் ஹாலில் உட்கார்ந்து அதே மராட்டிச் செய்தித்தாளை மூன்றாவது முறையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மராட்டி படிக்க வராது. ஆனால் அந்த நேரத்தில் உள்ளே போகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

மனைவியின் கட்சி: எழுபத்தொரு வயதில், சர்க்கரையையும் வைத்துக்கொண்டு, தனியாக இருக்கக் கூடாது. கசார்வாடியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மாமனாரின் கட்சி: வரமாட்டேன். முப்பத்திரண்டு வருஷம் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டி வாங்கிய இரண்டு அறை வீடு அது. அதில் அவர் தூங்கலாம், விழிக்கலாம், லுங்கியோடு பால்கனியில் நிற்கலாம், ஒருவரையும் கேட்க வேண்டாம். அவர் பக்கம் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

கடைசியில் முடிவானது இது. தினமும் காலை ஏழு மணிக்குள் அவர் மகளுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். மூன்று நாள் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட வேண்டும்.

"மூணு லேட் மார்க் ஆச்சுன்னா ஒரு சுட்டி கட். எங்க ஃபேக்டரி ரூல்தாம்மா, தெரியும்" என்றார் மாமனார். சுட்டி என்றால் இங்கே விடுப்பு. அன்றிலிருந்து அந்தக் காலை மெசேஜுக்கு அவர் வைத்த பெயர் ஹஜேரி. வருகைப் பதிவுக்கு மராட்டியில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஃபோனிலேயே பேசிவிடலாமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். என் மனைவி டீச்சர், காலை ஆறே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அவளும் அவள் அப்பாவும் ஃபோனில் பேசினால் இரண்டாவது நிமிடம் மாத்திரையில் ஆரம்பித்து நான்காவது நிமிடம் பழைய கல்யாணச் சண்டை ஒன்றில் போய் நிற்கும். பேருந்து காத்திருக்காது.

முதல் மாதம் மாமனார் ஒழுங்காக அனுப்பினார். "எழுந்துட்டேன். காபி ஆச்சு." தினமும் அதே மூன்று சொல். அவரைப் பொறுத்தவரை அதற்கு மேல் சொல்ல ஒரு காலைப் பொழுதில் எதுவும் இல்லை. அப்புறம் ஒருநாள் ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டார், ஒரு மார்க். இன்னொரு நாள் மெசேஜை அனுப்பத்தான் அனுப்பினார், ஆனால் சமையல் கேஸ் பதிவு செய்கிற எண்ணுக்கு அனுப்பிவிட்டார். உங்கள் கோரிக்கை புரியவில்லை, மீண்டும் முயலவும் என்று அங்கிருந்து பதில் வந்தது. இரண்டு மார்க்.

அதற்கு மறுநாளே அவர் பஸ் ஏறி நேராக என் பட்டறைக்கு வந்துவிட்டார். கசார்வாடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் என் பட்டறை. சின்னச் சின்ன ஃபேக்டரிகளுக்கு மெஷினை ஓட்டுகிற, நிறுத்துகிற கன்ட்ரோல் பேனல் செய்து தருவது என் தொழில். அவர் வாசலில் நின்று சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்த விதத்தைப் பார்த்தால், பழுதான பம்ப்பைக் கொண்டுவந்த வாடிக்கையாளர் மாதிரியே இருந்தது.

"மாப்ளே, ஒரு சின்ன வேலை. நைட்டு ஒம்போது மணிக்கு இத ஆஃப் பண்ணிடறேன். மெஷின்னா அதுக்கும் ஷிஃப்ட் முடியணும். காலைல எழுந்து பல்லு வெளக்கிட்டு ஆன் பண்றேன். நான் ஆன் பண்ணாலே எழுந்துட்டேன்னுதானே அர்த்தம்? அதையே அது தானா அவகிட்ட சொல்லிட்டா இன்னா?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் வருஷக்கணக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. ஃபோன் உயிர்பெறும்போது தானாகச் சில வேலைகளைச் செய்ய வைப்பது என் பைத்தியங்களில் ஒன்று. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற ஒரு செயலி உண்டு. அதில் ஒரு குறிப்பிட்ட ஃபோல்டருக்குள் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டால், ஃபோனை ஆன் செய்தவுடன் அது ஓடும். என் ஃபோன் அப்படித்தான் வணக்கம் சொல்லும், பேட்டரி எவ்வளவு என்று வாயால் அறிவிக்கும், டார்ச்சை மூன்று முறை சிமிட்டும். ஒருமுறை பிம்ப்ரி மெட்ரோவில், நெரிசலுக்கு நடுவே என் சட்டைப் பையில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகி, ஒரு பெண் குரலில் உரக்க எனக்குக் காலை வணக்கம் சொன்னது. அப்போது சாயங்காலம். பக்கத்திலிருந்த அம்மாள் ஒதுங்கி நின்றுகொண்டார்.

வீட்டில் இந்தத் திறமைக்கு மரியாதை இல்லை. எனவே ஒரு மனிதர் பஸ் பிடித்துத் தேடி வந்து கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அரை மணி நேரத்தில் ஏழு வரி எழுதினேன். ஆன் செய்தால் மகளின் எண்ணுக்கு "எழுந்துட்டேன். காபி ஆச்சு." அவ்வளவுதான். மாமனார் ஏழு வரியையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "சுத்தமான வேல" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் சர்ட்டிஃபிகேட் அது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் மெசேஜ் வரவில்லை. ஃபோன் ஆன் ஆன அடுத்த நொடியே ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது, சிம் கார்டுக்கு இன்னும் சிக்னல் வந்து சேரவில்லை. நல்லவேளை, ஆறரைக்கு நான் மாடிப்படியில் நின்று அவருக்கு ஃபோன் செய்து கையால் அனுப்ப வைத்தேன். அன்று மாலை சாங்விக்குப் போய், ஒரு நிமிடம் பொறுத்து அனுப்பு என்று ஒரு வரி சேர்த்தேன். எட்டு வரி.

அப்புறம் அவர் ஃபோனின் பேட்டரி வயதைக் காட்ட ஆரம்பித்தது. பழைய பேட்டரி, நினைத்தபோது அணைந்து நினைத்தபோது விழித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் என் மனைவிக்கு ஐந்து முறை "எழுந்துட்டேன். காபி ஆச்சு."

"அரே, அஞ்சு காபியா? ஷுகர வெச்சுக்கிட்டு அஞ்சு காபியா? இவரு பாகலா, பைத்தியமா ஆயிட்டாரா?" என்று அவள் சர்க்கரை பார்க்கிற மெஷினோடு சாங்விக்குக் கிளம்பினாள். நான் வண்டி ஓட்டினேன். வழியெல்லாம் எனக்கு வியர்த்தது. மாமனாரோ கதவைத் திறந்து, அவள் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "ஆமாம்மா, அஞ்சு குடிச்சிட்டேன். தப்புதான்" என்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தண்டனையாக ஒரு வாரம் காபிப் பொடி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த ஒரு வாரமும் அவர் வெந்நீர் குடித்தார், ஸ்கிரிப்ட் காபி குடித்தது.

பேட்டரியை மாற்றினேன். ஒருநாளைக்கு ஒருமுறைதான் அனுப்ப வேண்டும் என்று இன்னொரு நாலு வரி. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வேலையில் இறங்கிவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. தினமும் அதே வாக்கியம் வந்தால் சந்தேகம் வருமே என்று, ஐந்தாறு வாக்கியங்கள் எழுதி அவற்றில் ஏதோ ஒன்றை அதுவே எடுத்துக்கொள்ளும்படி வைத்தேன். "வாக்கிங் போய்ட்டு வந்துட்டேன்." "நல்லா தூங்கினேன்." "குளிர் ஜாஸ்தி, காபி ஆச்சு." மாமனாரின் குரலில் மாமனாரைவிட நன்றாகவே எழுதினேன். மே மாதம் ஒரு காலையில், புனே வெயிலில் தார் ரோடு உருகிக்கொண்டிருக்க, குளிர் ஜாஸ்தி என்று போய்விட்டது. மனைவி தெர்மாமீட்டரோடு கிளம்பினாள். மறுபடியும் நான்தான் வண்டி ஓட்டினேன். அப்பாவி மனிதர் வாயில் தெர்மாமீட்டரோடு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கடைசித் திருத்தம்தான் என் அறிவின் உச்சம். பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் அவர் ஃபோனை ஆன் செய்ய மறந்து, ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதுதான் மெசேஜ் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் ஃபோனில், குறிப்பிட்ட நேரத்துக்குத் தானாகவே ஆன் ஆகிற வசதி இருந்தது. ஆறு மணி பதினைந்து நிமிடம் என்று வைத்தேன்.

மாமனார் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் எழுந்திருக்கலன்னாலும் அது எழுந்துட்டேன்னு சொல்லுமா?"

"நீங்கதான் அஞ்சு மணிக்கே எழுந்துடறீங்களே மாமா."

"அதுவும் சரிதான்" என்றார். இருந்தாலும் ஃபோனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

என் மனைவி புனேயில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிப்பது எழுத்துக் கூட்டித்தான். அப்பாவின் மெசேஜ் வந்ததும் அடுப்பருகே நின்று, கரண்டியை ஒரு கையிலும் ஃபோனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படிப்பாள். "நல்... லா... தூங்... கி... னேன்." படித்து முடித்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். உடனே "சரிப்பா" என்று தமிழிலேயே பதில் அனுப்புவாள். நான் வாயில் டூத் பிரஷ்ஷோடு நின்று இதைப் பார்ப்பேன். எனக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை, பெருமைதான் இருந்தது. அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை. ஆறே காலுக்கு வழக்கம்போல "எழுந்துட்டேன். காபி ஆச்சு." இவள் படித்தாள், சிரித்தாள், பதில் போட்டாள், பேருந்தைப் பிடித்தாள். எட்டே முக்காலுக்கு நான் பட்டறையில் இருந்தபோது, மாமனாரின் பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாள் கூப்பிட்டார். அவரை நாங்கள் காக்கு என்போம், சித்தி மாதிரி. மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கும்.

"ஜாவய்பாபு, லவ்கர் யா!" மாப்பிள்ளை, சீக்கிரம் வாங்க.

கதவில் மாட்டியிருந்த பையில் பால் பாக்கெட் அப்படியே இருந்ததைப் பார்த்து அவர் கதவைத் திறந்திருக்கிறார். மாமனார் ஐந்தரை மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் உடைந்து, எழ முடியாமல் மூன்று மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். கத்திப் பார்த்திருக்கிறார். மழைச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஔந்த் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டுப் போட்டு அவரைப் படுக்க வைத்திருந்தபோது மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தாள். கையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது.

"எத்தன மணிக்குப்பா விழுந்தீங்க?"

"அஞ்சர இருக்கும்."

அவள் கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்தாள். காலை மெசேஜைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியை எப்படி இயக்குவது என்ற குறிப்பை மிகக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"அப்ப இது யாரு அனுப்பினது?"

மாமனார் என்னைக் காட்டிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "நான் பாத்ரூம்ல கெடக்கறேன்மா. ஹால்ல ஃபோன் தானா எழுந்திருக்குது, மியூசிக் கேக்குது. ஒரு நிமிஷம் கழிச்சு மெசேஜ் போற சத்தம். எனக்கு ஹஜேரி போட்டாச்சு. ஒடனே டிங்னு உன் பதில் வந்துச்சு. அதுவரைக்கும் நீ வருவன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஏழு மணி ஆயிட்டா, மெசேஜ் வரலன்னு நீ பயந்து ஓடி வந்துடுவ இல்ல? அந்த டிங் கேட்டதும் தெரிஞ்சு போச்சு. இனிமே யாரும் வரமாட்டாங்க."

நான் அதுவரை வாழ்க்கையில் பல பேனல்களைத் தப்பாக வயர் செய்திருக்கிறேன். புகை வந்திருக்கிறது, ஒருமுறை ஒரு மோட்டாரே எரிந்திருக்கிறது. எந்தப் பேனலும் ஓர் ஆளை ஈரத் தரையில் கிடக்க வைத்ததில்லை.

"நான்தான்" என்றேன். "எல்லாம் நான்தான் எழுதினேன்."

அப்போதுதான் மாமனார் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, கரண்ட் போய் வந்தா மெஷின் தானா ஓடலாமா?"

எங்கள் தொழிலில் முதல் பாடம் அது. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், திரும்பி வந்தாலும் மெஷின் தானாக ஓடக் கூடாது. யாராவது உள்ளே கையை வைத்திருக்கலாம். ஓர் ஆள் வந்து, பார்த்து, பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓட வேண்டும். அப்படி வயர் பண்ணாத பேனலை நான் இதுவரை வெளியே அனுப்பியதில்லை.

"ஓடக் கூடாது மாமா."

"ஆள் வந்து அமுக்கணும். அந்த ஆளத்தான் நீங்க எடுத்துட்டீங்க. நானும் சரின்னேன். எனக்கும் புத்தி இல்ல" என்றார்.

மனைவி என்னிடம் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஃபோனில் பழைய மெசேஜ்களை விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். பத்து மாத மெசேஜ்கள்.

"நான் இதெல்லாம் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன்" என்றாள். "அப்பா எழுதினதுன்னு நெனச்சுப் படிச்சேன்." அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். நர்ஸ் உள்ளே வந்து மூன்று பேரையும் பார்த்துவிட்டு, கணுக்கால்தானே, சரியாகிவிடும் என்று ஹிந்தியில் சமாதானம் சொன்னார்.

ஆறு வாரம் மாமனார் எங்கள் வீட்டில் இருந்தார். முதல் நாளே அவர் பார்க்க, ஸ்கிரிப்டை அழித்தேன். ஏழு வரியில் ஆரம்பித்தது அறுபத்திரண்டு வரியாகியிருந்தது. "போச்சா?" என்று கேட்டார். காலியான ஃபோல்டரைக் காட்டினேன். மனைவி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சமையலறையிலிருந்து வந்த உத்தரவுகளெல்லாம் மாமனார் வழியாக வந்தன. அவரும் அவற்றை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தார்: "மாப்ளே, உங்க சாப்பாட்டு டப்பாவ நீங்களே கழுவிக்கணுமாம்."

கட்டுப் பிரித்த அன்று, அவரைச் சாங்விக்குக் கொண்டுபோய் விடும் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை. அவரே ஆரம்பித்தார். "ரூல் ரூல்தாம்மா. மூணு மார்க் இல்ல, பத்து மாசமும் மார்க்குதான். நான் இங்கயே இருந்துடறேன்."

என் மனைவிக்கு வேண்டியது இதுதான். ஒரு வருஷமாக அவள் போராடியதே இதற்குத்தான். அவள் முகம் மலரும் என்று நினைத்தேன். ஆனால் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆறு வாரத்தில் அவர் டிவி போடுவதற்கு எங்களிடம் கேட்டார், ஃப்ரிட்ஜைத் திறக்கக் கேட்டார், சாப்பிட்ட தட்டை எங்கே வைப்பது என்று தினமும் கேட்டார். வீட்டுக்குள்ளே முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, சோஃபாவின் ஓரத்தில், இண்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வேணாம்ப்பா" என்றாள். "நீங்க உங்க வீட்டுக்குப் போங்க. ஆனா மெசேஜ் கிசேஜ் ஒண்ணும் வேணாம். போதும். நான் தினமும் ஆறு மணிக்கு ஃபோன் பண்ணுவேன். நீங்க எடுக்கணும். வாயத் தொறந்து பேசணும். சண்ட வந்தா வரட்டும்."

அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, "பஸ்ஸு போயிடுமேம்மா" என்றார்.

"போனா போகட்டும். ரிக்ஷா இருக்குது."

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அவள் ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டுச் சப்பாத்தி மாவைக் கையில் எடுத்தாள். நான் கழுவும் தொட்டியருகில் என் டப்பாவோடு நின்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கை மாவிலேயே நின்றுவிட்டது. எட்டாவது முறை அடித்தபோது அவர் எடுத்தார்.

"எழுந்துட்டீங்களாப்பா?"

அந்தப் பக்கம் கட்டில் ஒருமுறை முனகியது.

"இன்னும் இல்லம்மா. படுத்துட்டுதான் இருக்கேன்" என்றார். "இன்னிக்கு எழுந்திருக்கவே பிடிக்கல. உங்கம்மா போனதுலருந்தே நெறைய நாள் இப்டித்தான்."

பத்து மாதம் அவர் பெயரில் நான் எழுதிய வாக்கியங்களில் இப்படி ஒன்று இல்லை. எனக்கு எழுதத் தோன்றியதும் இல்லை.

இவள் மாவுக் கையோடு குனிந்து, ஃபோனுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எனக்கும்தான்ப்பா" என்றாள்.

அதற்கப்புறமும் இருவரும் ஃபோனை வைக்கவில்லை. நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் போய் மாவைப் பிசைந்தேன்.